புகைமூட்டத்தில் பிழைப்பு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சுமத்ராவில் காடு எரிந்தால் கிள்ளானில் ரொட்டி சானாய் விற்காது. மலேசியாவில் வாழும் எவருக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தொண்டை எரியத் தொடங்கிய பிறகுதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. 1997இல் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐபியு) 800ஐத் தாண்டியது, சரவாக்கில் அவசரநிலை. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை. 2013 ஜூனில் மூவார், லேடாங். அப்போது மூவாரில் பதிவான எண் 746. 2015இல் பள்ளிகள் திரும்பத் திரும்ப மூடப்பட்டன, கோலாலம்பூர் மாரத்தான் ரத்தானது. 2019 செப்டம்பரில் மறுபடியும்.

பள்ளியை மூட வேண்டுமென்றால் கல்வி அமைச்சு அறிவிக்கும். உங்கள் வடைக் கடையை மூடச் சொல்லி யாரும் அறிவிக்க மாட்டார்கள். மூடினால் அன்றைய வாடகையைக் கொடுக்கவும் யாரும் வர மாட்டார்கள். அதனால் இந்தப் பட்டியல் ஏர்கான் அறையில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குபவருக்கு அல்ல. பசார் மாலாமில் கடை போடுபவர், கிரேப் ஓட்டுபவர், சாப்பாடு டெலிவரி செய்யும் மோட்டார்காரர், புல் வெட்டும் காண்டிராக்ட் எடுத்தவர், கட்டுமான ஆள், செம்பனைக் குலை அறுப்பவர், கோயில் வாசலில் பூ கட்டுபவர், தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் அக்கா: வெளியே போனால்தான் காசு என்று இருப்பவர்களுக்கு.

புகையில் அடிபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நுரையீரல் கெட்டவர்களும் உண்டு. கடனில் விழுந்தவர்கள் அதைவிட அதிகம். பெரும்பாலோர் புகை வந்த பிறகு, கண் எரிய, வாடகை நாள் நெருங்க, அவசரத்தில் முடிவெடுத்தவர்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே கீழே உள்ளதில் பாதியை முடித்துவிடலாம்.

செய்ய வேண்டியவை

• எந்த எண்ணில் வேலையைக் குறைப்பது, எந்த எண்ணில் நிறுத்துவது என்று இன்றே எழுதி ஒட்டுங்கள். 
ஐபியு 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதமானது, 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். இதை வைத்து உங்கள் தொழிலுக்கு உங்கள் கோட்டைப் போடுங்கள். உதாரணத்துக்கு, 100 தாண்டினால் முகமூடி, வேலை நேரம் பாதி. 150 தாண்டினால் பொட்டலம் மட்டும். 200 தாண்டினால் மூடல். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கர்ப்பிணியோ இருந்தால் கோட்டை இன்னும் கீழே இறக்குங்கள். வீட்டாரும் கடைப் பையனும் பார்க்கும் இடத்தில் தாள் இருக்கட்டும். "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்ற பேச்சு அப்போதுதான் எடுபடாது.

• எண்ணைப் பாருங்கள், கண்ணையும் நம்புங்கள். 
சுற்றுச்சூழல் துறையின் ஏபிஐஎம்எஸ் பக்கத்தில் மணிக்கொரு முறை எண் மாறும். ஆனால் நுண்துகளுக்கான கணக்கு கடந்த 24 மணி நேரச் சராசரியை வைத்து வருவது. திடீரென்று புகை அடர்ந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும்; காற்று தெளிந்த பிறகும் சில மணி நேரம் உயரத்திலேயே நிற்கும். உங்கள் கடையிலிருந்து தினமும் தெரியும் ஒரு தண்ணீர்த் தொட்டியையோ அடுக்குமாடியையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அது மங்கி, எண் இன்னும் 90 என்று சொன்னால், தொட்டி சொல்வதைக் கேளுங்கள்.

• ஜூன் முதல் அக்டோபர் வரை, ஆசியான் சிறப்பு வானிலை மையத்தின் புகைப் படத்தைப் பார்க்கப் பழகுங்கள். 
இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ரியாவ், ஜம்பி பக்கம் சூடான புள்ளிகள் கூடினால் மேற்குக் கரைக்குத் தொல்லை. கலிமந்தானில் கூடினால் சரவாக்குக்கு. எல் நினோ ஆண்டு என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். மழை தள்ளிப்போகும், மண் காய்ந்துவிடும். படத்தைப் பார்ப்பவருக்குப் புகை வந்து சேர்வதற்குள் ஓரிரு நாள் அவகாசம் கிடைக்கலாம். மாவு எவ்வளவு அரைப்பது, பூ எத்தனை கிலோ எடுப்பது என்று முடிவு செய்ய அது போதும்.

• என்95 முகமூடி ஒரு பெட்டி இப்போதே வாங்கி வையுங்கள். 
புகை வந்த இரண்டாம் நாளே கடைகளில் தீர்ந்துபோகும், மிஞ்சியதன் விலை ஏறும். புகையில் நம்மைக் கொல்வது பிஎம்2.5 என்னும் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு இருக்கும் அது, சாதாரண முகமூடியின் ஓரச் சந்துகளில் தாராளமாக நுழையும். என்95 போட்டால் மேல் வார் உச்சந்தலைப் பக்கம், கீழ் வார் கழுத்துக்கு. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்துங்கள். வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள், கன்னத்தின் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. தாடி இருந்தால் கசியும். ஐயப்பனுக்கு மாலை போட்டவரைத் தவிர மற்றவர்கள் புகைக் காலத்தில் மழித்துக்கொள்வது நல்லது.

• 555 நோட்டு ஒன்று வாங்கி, தினமும் நான்கு வரி எழுதுங்கள். 
இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். தேதி, அன்றைய ஐபியு எண், வழக்கமாக அந்தக் கிழமையில் வரும் வியாபாரம், அன்று வந்த வியாபாரம். அவ்வளவுதான். கூடவே கைப்பேசியில் ஏபிஐஎம்எஸ் பக்கத்தை ஒரு படம், காலி நாற்காலிகளை ஒரு படம். ஏன் இவ்வளவு? புகையால் வந்த நஷ்டத்துக்கு ரசீது கிடையாது. வெள்ளம் வந்தால் சுவரில் சேற்றுக் கோடு நிற்கும், யாரும் வந்து பார்க்கலாம்; புகை போன பின்னால் ஒரு தடயமும் இருக்காது. வங்கியிடம் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கும்போதும், கடை உரிமையாளரிடம் பேசும்போதும், உதவித் திட்டம் ஏதேனும் அறிவிக்கப்பட்டால் விண்ணப்பிக்கும்போதும் "வியாபாரமே இல்லைங்க" என்ற பேச்சு செல்லாது. பூச்சோங்கில் ரொட்டி சானாய்க் கடை வைத்திருந்த ஓர் அண்ணன் கசங்கிய 555 நோட்டை வங்கி மேசையில் வைத்துப் பேசியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சனிக்கிழமைக்கு எதிரே 610 வெள்ளி, அதற்கடுத்த சனிக்கிழமை 140 வெள்ளி, பக்கத்தில் ஐபியு 187. எதிரே இருந்த பெண் இரண்டு பக்கம் புரட்டினார், பாரத்தை எடுத்து நீட்டினார்.

• தவணை தேதிக்கு முன்பே வங்கிக்குப் போங்கள். 
தவணை தவறிய பிறகு போனால் நீங்கள் பாக்கிக்காரர். முன்னால் போனால் வாடிக்கையாளர். பேசத் தயக்கமாக இருந்தால் ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம், ஆலோசனை இலவசம். தெக்குன் ஸ்பூமி கடன் வாங்கியவர்கள் தங்கள் கிளை அலுவலகத்திலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

• கடையின் போக்கைப் புகைக்கு ஏற்ப மாற்றுங்கள். 
வெளியே போட்ட மேசைக்கு ஆள் வராது, பொட்டலத்துக்கு வரும். பழைய வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் எண்களை நல்ல நாளிலேயே வாங்கி வையுங்கள். "இன்று 11 மணி வரை ஆர்டர், 12 மணிக்குப் பொட்டலம் தயார்" என்று ஒரு செய்தி போதும். வெட்டிய பழம், திறந்த சட்னிப் பாத்திரம், அடுக்கிய வடைத் தட்டு எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். சாம்பல் படிவது கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மூடாத உணவை அந்த நாட்களில் யாரும் வாங்க மாட்டார்கள். சேலை, பஞ்சாபி உடை விற்பவர்கள் வாசலில் தொங்கவிடுவதை நிறுத்துங்கள். பட்டில் ஏறிய புகை வாடை எளிதில் போகாது.

• தீபாவளிப் பலகாரம் செய்பவர்கள் வெயிலை நம்பிய வேலையை முதலில் முடியுங்கள். 
புகைக்காலத்தின் வால் பல ஆண்டுகளில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களைத் தொட்டுவிடுகிறது. 2015இல் அக்டோபர் கடைசி வரை இழுத்தது, தீபாவளி நவம்பர் 10. வடகம், மோர் மிளகாய், கழுவிக் காயவைக்கும் அரிசி இவற்றை ஆகஸ்டுக்குள் முடித்து டப்பாவில் அடையுங்கள். முடியாதென்றால் மில்லில் காய்ந்த மாவாக வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும். முறுக்கில் புகை வாடை அடித்துத் திரும்பி வருவதைவிட மேல்.

• வண்டி ஓட்டுபவர்கள் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள், ஏர்கானை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். 
எட்டு மணி நேரம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள். எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டே ஓட்டினால் தூக்கம் வரும். மணிக்கு ஒருமுறை நெரிசல் இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் கண்ணாடியை இறக்குங்கள். பகலிலும் முன்விளக்கு, லோ பீமில்.

• டெலிவரி மோட்டார்காரர்கள் நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று கட்டுப்பாடு வையுங்கள். 
உங்களுக்கு மட்டும் புகையில் வியாபாரம் கூடலாம். வெளியே வரப் பயந்தவர்கள் எல்லாம் ஆர்டர் போடுவார்கள், கைப்பேசி அலறிக்கொண்டே இருக்கும். அங்கேதான் ஆபத்து. பார்வை குறைந்த சாலை, எரியும் கண், முகமூடிக்குள் திணறும் மூச்சு, இன்னும் மூன்று ஆர்டர் எடுத்தால் போனஸ். வாரக் கடைசியில் கையில் கூடுதல் காசு இருக்கும். அடுத்த வாரம் முழுக்க இருமலோடு படுத்தால் அது போய்விடும்.

• சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் சேர்ந்து, சந்தா காலாவதியாகாமல் பாருங்கள். 
2017ஆம் ஆண்டின் சட்டம் 789 சுயதொழில் செய்வோருக்கானது. வேலையின்போது நடக்கும் விபத்துக்கு இது கை கொடுக்கும். விற்பனை குறைந்ததற்குப் பணம் தராது. அதை எதிர்பார்த்து சேராதீர்கள். புகையில் முன்னே போன லாரி தெரியாமல் மோதிய மோட்டார்காரருக்குத்தான் இது. சந்தா கட்டாத காலத்தில் விழுந்தால் ஒன்றும் இல்லை.

• உடம்பு முடியாவிட்டால் பேனல் கிளினிக்குக்குப் போய் எம்சி வாங்குங்கள், 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்லுங்கள். 
1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நம் ஆட்கள் பலர் எம்சியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குத் திரும்பும்போது கொடுக்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் வேலைக்கு வராமல் இருந்ததாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மண்டோருக்கு எம்சியைப் படமெடுத்து அனுப்புங்கள், நேரத்தோடு பதிவாகிவிடும்.

• செம்பனைத் தோட்டத்தில் டன் கணக்கில் கூலி வாங்குபவர்கள் புகை போன பிறகும் சேமிப்பைத் தொடாதீர்கள். 
இதை யாரும் சொல்வதில்லை. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு. அடர்ந்த புகையில் அதன் நடமாட்டம் குறையும், வெயில் மங்குவதால் மரத்தின் உணவுத் தயாரிப்பும் குறையும். பூவிலிருந்து குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகிறது. எனவே செப்டம்பர் புகையின் பாதிப்பு பிப்ரவரி, மார்ச் மாதத்தில் காய் சரியாகப் பிடிக்காத குலையாக வந்து தராசில் ஏறலாம். அப்போது வானம் நீலமாக இருக்கும், யாருக்கும் புகை நினைவிருக்காது, எடை குறைந்ததற்கு அறுத்தவர்மேல் பழி விழும். நோட்டில் தேதிகளை எழுதி வைத்திருந்தால் பேச வாய் இருக்கும்.

• புல் வெட்டு, பெயின்ட், கூரை வேலைக் காண்டிராக்ட்டில் புகைக்கென்று ஒரு வரி சேருங்கள். 
"ஐபியு 200 தாண்டும் நாட்கள் வேலை நாளாகக் கணக்கில் சேராது." இந்த ஒரு வரி இல்லாமல் தாமதத்துக்கு அபராதம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

• ஆஸ்துமா பம்ப், இதய மருந்து, பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்குக் கையிருப்பு வையுங்கள். 
அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். புகை வந்த பிறகு போனால் வரிசையிலேயே ஒரு நாள் கூலி போய்விடும்.

செய்யக்கூடாதவை

• குப்பையையோ காய்ந்த இலையையோ எரிக்காதீர்கள், ஒரு சிறு குவியலைக்கூட. 
புகை எல்லாம் கடல் தாண்டி வருவதில்லை. கிள்ளான் ஜோஹான் செத்தியாவில் காம்புட் மண் எரிவது பழைய கதை. மட்கிய வேரும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும். மேலே அணைத்தாலும் அடியில் கனன்று பத்தடி தள்ளி மறுபடி புகையும். திறந்தவெளியில் எரிப்பதற்குச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் லட்சக்கணக்கான வெள்ளி அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. "நான் கொஞ்சம்தானே எரித்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

• கைக்குட்டையை நனைத்துக் கட்டிக்கொண்டு பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். 
ஈரத் துணி பெரிய சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. துணி மாஸ்க்கும் அப்படித்தான். என்95ஐத் துவைத்து மறுபடி போடாதீர்கள். நனைந்தால், மடிந்தால், மூச்சு இழுக்கக் கடினமானால் தூக்கிப் போடுங்கள்.

• ஆலோங் என்னும் உரிமமில்லா வட்டிக்காரரிடம் போகாதீர்கள். 
புகைக் காலத்தில் மின்கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டியிருக்கும் அந்த எண்கள் திடீரென்று கண்ணில் படும். இரண்டு வார வாடகைதானே, அடுத்த மாதம் கட்டிவிடலாம் என்று தோன்றும். புகை எத்தனை வாரம் இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, ஆலோங்குக்கும் தெரியாது. அவருடைய வட்டிக்கு மட்டும் தேதி தெரியும். அடையாள அட்டைப் படமும் வங்கி அட்டையும் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடியுங்கள். நகையை உரிமம் உள்ள அடகுக் கடையில் வைப்பது அவமானம் இல்லை. கூட்டு பிடிப்பவர்கள் உங்கள் முறையை முன்னால் மாற்றித் தரக் கேளுங்கள். கடை உரிமையாளரிடம் பாதி இப்போது, பாதி மழைக்குப் பிறகு என்று நேராகப் பேசுங்கள். இவை எதுவும் இனிப்பான வழிகள் இல்லை. ஆனால் எதிலும் கதவில் சிவப்புச் சாயம் ஊற்ற ஆள் வராது.

• "சம்பளமில்லா விடுப்புக்கு நானே சம்மதிக்கிறேன்" என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 
எத்தனை நாள், எந்தத் தேதி முதல், அதற்குப் பதில் ஆண்டு விடுப்பைக் கழிக்கலாமா என்று கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளையிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்குக்கூட விடாத தாள் நல்ல தாளாக இருக்காது.

• கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். 
முதலாளி ஆட்குறைப்பு செய்தால், சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்தப் பணம் கிடையாது. சில இடங்களில் "ராஜினாமாவா எழுதிக் கொடு, புகை போனதும் கூப்பிடுகிறேன்" என்று அன்பாகவே கேட்பார்கள். அன்புக்கு நன்றி சொல்லுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள்.

• "புகை, அதனால் கிளம்பிவிட்டேன்" என்று சொல்லாமல் கொள்ளாமல் நடந்துவிடாதீர்கள். 
2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளர் அந்த இடத்தை விட்டு விலகலாம். ஆனால் முதலில் ஆபத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா? எண்ணைப் படமெடுத்து, முகமூடி தரவில்லை, நெஞ்சு அடைக்கிறது என்று மேற்பார்வையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பும் எழுத்துதான்.

• பள்ளி மூடினால் பிள்ளையைக் கடைக்குக் கூட்டி வராதீர்கள். 
ஐபியு 200ஐத் தொட்டால் பள்ளி மூடப்படுவது அந்தக் காற்றில் பிள்ளை இருக்கக் கூடாது என்பதற்காக. அதே பிள்ளையை அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்தால் புகையோடு எண்ணெய்ப் புகையும் சேர்கிறது. வேறு வழியில்லை என்பீர்கள், தெரியும். அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டார் சேர்ந்து, ஒரு நாள் ஒருவர் என்று முறை வைத்து, ஒரு வீட்டில் ஓர் அறையை அடைத்துப் பிள்ளைகளை வையுங்கள். அன்று வேலைக்குப் போகாதவருக்கு மற்ற இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள். இதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

• அடைத்த வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி கொளுத்தாதீர்கள். 
புகை வாடை போகச் சாம்பிராணி போடுவது நம் பழக்கம். ஜன்னல் சாத்திய வீட்டில் அதுவும் நுண்துகள்தான். சாமிக்கு விளக்கு போதும்.

• ஓடும் வண்டியில் ஹசார்ட் லைட் போடாதீர்கள். 
பின்னால் வருபவர் நீங்கள் நின்றுவிட்டதாக எண்ணுவார். நீங்கள் சந்தில் திரும்புவதும் தெரியாது.

• வழக்கமான அளவுக்குச் சரக்கு எடுக்காதீர்கள். 
பூக்காரர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு எப்போதும் எடுக்கும் மல்லியை எடுத்துவிட்டு, கோயிலுக்குக் கூட்டம் வராமல், சனிக்கிழமை காலையில் பழுப்பேறிய சரங்களைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பாதி எடுங்கள், மீதிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டர் எடுங்கள். தீர்ந்துபோய் ஒருவரைத் திருப்பி அனுப்புவதில் நஷ்டம் குறைவு.

• எண் எவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் வந்ததை நம்பி அனுப்பாதீர்கள். 
போன ஆண்டின் படமும் வேறொரு நாட்டின் கணக்கும் அதில் சுற்றும். சில செயலிகள் அமெரிக்கக் கணக்கைக் காட்டும், அந்த எண்ணும் நம் ஐபியுவும் ஒன்றல்ல. ஒரு பொய்ச் செய்தி பசார் மாலாமுக்கு வர இருந்த கூட்டத்தைக் கலைத்துவிடும், கடை போட்டவர் உங்கள் அத்தையாகக்கூட இருக்கலாம்.

• நெஞ்சு இறுக்கம், பேசும்போது மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல் இவற்றைக் கடை மூடும் நேரம் வரை தள்ளிப்போடாதீர்கள். 
999க்கு அழையுங்கள். மிளகு ரசமும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம். மூச்சுக்குழல் சுருங்குவதை அவை நிறுத்தாது. புகை பிடிப்பவர்கள் இந்த வாரங்களிலாவது விடுங்கள்; வெளியே இருப்பது போதாதா?

• பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசியரைத் திட்டாதீர்கள். 
அவருடைய ஊர்தான் முதலில் எரிகிறது. 2015 தீயில் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது; அந்த நாட்டின் இழப்பு 1,610 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. தீ வைத்த கைகளுக்குப் பின்னால் நிலம் வேண்டும் என்ற பெரிய கைகளும் உண்டு. 2019இல் அந்நாட்டு அரசு சீல் வைத்த தோட்டங்களில் மலேசிய நிறுவனங்களின் துணை நிறுவனங்களும் இருந்தன. எல்லை தாண்டும் புகைக்கு எதிரான ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தாகியும், இந்தோனேசியா அதை உறுதிப்படுத்த 2014 ஆனது. கோபப்பட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. உங்கள் கடையில் தட்டுக் கழுவுபவர் அதில் சேர மாட்டார்.

• முதல் மழையைப் பார்த்ததும், எழுதி ஒட்டிய வரம்புத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். 
ஒரு மாலை மழை காற்றைக் கழுவும். மண்ணுக்கடியில் கனலும் காம்புட் தீயை அணைக்காது. இரண்டு நாள் தெளிந்து மூன்றாம் நாள் திரும்ப வந்த புகைகளை நாம் பார்த்திருக்கிறோம். எண் தொடர்ந்து ஒரு வாரம் 100க்குக் கீழே நின்ற பிறகு முழு நேரத்துக்குத் திரும்புங்கள். அன்று ஏர்கான், விசிறி ஃபில்டர்களைக் கழுவுங்கள், கடைக் கூரைத் துணியை நீர் அடித்துத் துடையுங்கள், காலியான முகமூடிப் பெட்டிக்குப் பதில் புதுப் பெட்டி வாங்குங்கள். அப்போதுதான் விலையும் இறங்கியிருக்கும்.